ஒரகடம் லைனில் கை தானாக நகர்வது எப்படி? மீன் குஞ்சின் மூளைக்குள் பதில் தேடும் வத்சலா திருமலை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "லைன் ஓடும்போது கையைப் பார்த்துத்தான் வேலை செய்வீங்களா?" சிரிப்பார்கள்.

என் அண்ணன் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறான். ஒரு பீஸ் வரும், நாலு போல்ட், நாலு தடவை கன்னை அழுத்தணும், அடுத்த பீஸ். "முதல் ரெண்டு வாரம் ஒவ்வொரு போல்டையும் பார்த்துப் பார்த்துதான் போட்டேன். இப்போ பீஸ் வந்து நிக்கறதுக்கு முன்னாடியே கை கிளம்பிடுதுடா" என்றான். லைன் திடீரென்று நின்றுவிட்டால்? "கை மட்டும் காத்துல போய் நிக்கும். யாராவது பார்த்தா சிரிப்பாங்க."

கை காற்றில் போய் நிற்கும் அந்த அரை நொடிக்குள் மூளையில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்கு பெங்களூருவில் ஒரு ஆய்வகம் விடை தேடிக்கொண்டிருக்கிறது. மனிதர்களை வைத்து அல்ல. அரை சென்டிமீட்டர்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி உடம்பு கொண்ட மீன் குஞ்சுகளை வைத்து. ஆய்வகத்தை நடத்துபவர் பேராசிரியர் வத்சலா திருமலை.

யார் இவர்?

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (சுருக்கமாக என்.சி.பி.எஸ்) நரம்பியல் விஞ்ஞானி. மூளையின் நரம்புச் சுற்றுகள் எப்படி உருவாகின்றன, உருவான பிறகு உடம்பை எப்படி அசைக்கின்றன என்பதுதான் அவருடைய ஆய்வு. 2020-ல் இந்திய அறிவியலின் மிக மதிப்புமிக்க விருதுகளில் ஒன்றான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது உயிரியல் பிரிவில் இருவருக்குக் கொடுக்கப்பட்டது. அதில் ஒருவர் இவர்.

ஆரம்பம் மீனில் இல்லை, நண்டில். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர் என்ற பெரிய நரம்பியல் அறிஞரிடம் முனைவர் பட்டம். மார்டர் ஆய்வகத்தின் ஸ்பெஷல், நண்டு, லாப்ஸ்டர் ஆகியவற்றின் வயிற்றை இயக்கும் ஒரு குட்டி நரம்பு முடிச்சு. அதில் இருப்பது சுமார் 30 நியூரான்கள்தான். அந்த முப்பதை வைத்துக்கொண்டு, 'ஒரே சுற்று, ஆனால் வேறு வேறு ரசாயனம் பட்டால் எப்படி வேறு வேறு தாளம் போடுகிறது' என்று பார்த்தார்கள். தவில் ஒன்றுதான், வாசிக்கிற கை மாறுகிறது என்கிற மாதிரி.

ஆனா நண்டின் முடிச்சு ஏற்கனவே கட்டி முடித்த வீடு. வீடு கட்டும்போதே பார்க்க வேண்டுமென்றால்? அதற்குத்தான் மீன்.

அது என்ன மீன்?

ஜீப்ரா மீன். தமிழில் வரிக்குதிரை மீன் என்றும் எழுதுகிறோம். மூணு, நாலு சென்டிமீட்டர் நீளம், பக்கவாட்டில் நீலக் கோடுகள். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் சும்மா இருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் வகை.

இந்த மீன் நம்ம நாட்டு மீன் என்பது பலருக்குத் தெரியாது. கங்கையிலும் அதன் கிளை ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பட்டியல் போட்ட ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட நூலில்தான் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தார். அதற்கப்புறம் இது கடல் கடந்து வெளிநாட்டு வீடுகளின் கண்ணாடித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து ஆய்வகத்துக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்சிங்கர் என்பவர் இந்த மீனை மரபணு ஆய்வுக்குப் பழக்கி 1981-ல் நேச்சர் இதழில் எழுதியதுதான் திருப்புமுனை. மூணு வருஷத்தில் அவர் இறந்துவிட்டார். பழ ஈக்களின் கருவளர்ச்சி ஆய்வுக்காக 1995-ல் நோபல் வாங்கிய ஜெர்மனியின் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் இந்த மீன் பக்கம் வந்தார். 1996 டிசம்பரில் டெவலப்மென்ட் என்ற ஆய்விதழ் ஒரு முழு இதழையே ஜீப்ரா மீனுக்கு ஒதுக்கியது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. உலகம் முழுக்க ஆய்வகத் தொட்டிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீனைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். காட்டு ஓடையில் அது எப்படி வாழ்கிறது? இந்தியாவில் அதன் இயற்கை வாழ்க்கை பற்றி 2013-ல் வந்த முக்கியமான ஆய்வுக் கட்டுரையை முன்னின்று எழுதியது எம். அருணாசலம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்தவர்.

ஏன் இதே மீன்?

மூணு காரணம் சொல்லலாம். ஆனால் முதல் காரணமே போதும்: கரு தாயின் வயிற்றுக்கு வெளியே வளர்கிறது, அதுவும் கண்ணாடி மாதிரி. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இதயம் துடிப்பதும், ரத்தம் ஓடுவதும், மூளை உருவாவதும் அப்படியே தெரியும். யாரையும் அறுக்க வேண்டியதில்லை. ஒரு தாய் மீன் ஒரே காலையில் நூறு, இருநூறு முட்டைகள் இடும் என்பது கூடுதல் வசதி.

மனிதனுக்கும் மீனுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்கலாம். 2013-ல் இந்த மீனின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனில் ஒரு ஜோடியாவது இருப்பது தெரிந்தது. மீதி 30 சதவீதத்தை மறந்துவிடக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு.

24 மணி நேரத்தில் ஒரு தலை

நான் பி.ஏ தமிழ். 'கரு' என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது தொல்காப்பியத்து முதல், கரு, உரி. அந்தக் 'கரு' வேறு, இது வேறு என்று தெரிந்தாலும், இந்தக் கட்டுரைக்காக ஜீப்ரா மீன் கரு வளரும் வீடியோவைப் பார்த்தபோது டெஸ்க்கில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்களும் யூடியூபில் தேடிப் பார்க்கலாம். அதில் நடப்பது இதுதான்.

தண்ணீரின் வெப்பம் 28.5 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். (நம்ம ஊரில் ஹீட்டரே தேவையில்லை.) கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிறது. பிறகு நாலு, எட்டு, பதினாறு. ஐந்தே கால் மணி வாக்கில் செல்கள் இடம் பெயரத் தொடங்குகின்றன. எது தோல், எது குடல், எது மூளை என்ற பங்கீடு இந்த நேரத்தில்தான். பத்தாவது மணியில் முதுகுப் பக்கம் மூளைக்கான செல்கள் தடித்து நிற்கின்றன. மனிதக் கருவில் நரம்புத் தட்டு வெற்றிலையைச் சுருட்டுவது போல மடிந்து குழாயாகும். மீனில் முதலில் உள்ளே இடைவெளி இல்லாத ஒரு தண்டாகி, அப்புறம் நடுவில் குழி விழுகிறது. பாதை வேறு. வந்து சேரும் வடிவம் ஒன்றுதான்: நரம்புக் குழாய்.

ஒரு தகவல் இங்கே. மனிதக் கருவில் இந்தக் குழாய் மூடுவது சுமார் 28-வது நாளில். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகள் வரலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுக்கச் சொல்லி டாக்டர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

மீனுக்குத் திரும்புவோம். 17-வது மணியில் கரு முட்டைக்குள்ளேயே முதல்முறை சுருண்டு நெளிகிறது. யாரும் தொடவில்லை, தானாக. 24 மணி நேரம் ஆகும்போது கண், மூளைப் பகுதிகள், வால், துடிக்கும் இதயம் எல்லாம் வந்துவிடும். இரண்டு அல்லது மூன்றாவது நாள் முட்டையை விட்டு வெளியே வரும். ஐந்தாவது நாள் இரை தேடி நீந்தும். அப்போது அதன் மூளையில் இருப்பவை ஏறக்குறைய ஒரு லட்சம் நியூரான்கள். நமக்கு 8,600 கோடி.

மூணாம் நாள் சும்மா இருப்பது ஏன்?

வத்சலா திருமலையின் மீன் பயணம் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஹோலிஸ் கிளைன் என்பவருடன் இருந்தபோது செய்த வேலை. மூன்றாம் நாள் குஞ்சு பெரும்பாலும் அசையாமல் கிடக்கிறது. ஐந்தாம் நாள் குஞ்சு அடிக்கடி கிளம்பிக் கிளம்பி நீந்துகிறது. இரண்டே நாளில் என்ன மாறியது? தசை வளரவில்லை, அதனால் அசையவில்லை என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம்.

இல்லை. 2008-ல் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, மூளையில் சுரக்கும் டோபமைன் அந்தக் குஞ்சைப் பிடித்து வைத்திருந்தது. டோபமைனின் ஒரு குறிப்பிட்ட வழியை அடைத்தபோது மூன்றாம் நாள் குஞ்சின் நரம்புகள் அதிக முறை நீச்சல் கட்டளை அனுப்பின. தண்டுவடத்தில் மட்டும் டோபமைன் விட்டால் நீச்சல் குறையவில்லை. மூளையில் விட்டால் அடங்கிவிட்டது. அதாவது இன்ஜின் ரெடி, ஆனால் மேலிருந்து யாரோ பிரேக்கில் காலை வைத்திருக்கிறார்கள். இன்னும் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது, இரை தேட வேண்டிய அவசியம் இல்லை என்று யோசித்தால் இந்த பிரேக் புரிகிற மாதிரிதான் இருக்கிறது.

அதே டோபமைன் வேறு இடத்தில் வேறு வேலை செய்யும் என்பதுதான் சுவாரசியம். பெங்களூருவில் அவரும் ஊர்வசி ஜாவும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வேறொரு வகை டோபமைன் வழியைத் தூண்டினால் குஞ்சு வேகமாக நீந்தியது. வாலை அடிக்கடி அடித்து அல்ல, அகலமாக வளைத்து. சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும் பெரிய இயக்க நரம்பணுக்களும் வேலையில் சேர்க்கப்பட்டன. டோபமைன் என்றால் 'சந்தோஷ ஹார்மோன்' என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இதை ஒரு தடவை படிக்கலாம்.

சிறுமூளை என்ற பெயர் சரியா?

என்.சி.பி.எஸ்-ல் அவருடைய கவனம் பெரும்பாலும் சிறுமூளை மீது திரும்பியது. பின்மண்டையில் இருக்கும் பகுதி. 'சிறு' என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் மனித மூளையின் 8,600 கோடி நியூரான்களில் சுமார் 6,900 கோடி இங்கேதான் இருக்கின்றன. நடை தள்ளாடாமல் இருப்பது, டீ கிளாஸை சிந்தாமல் வாயருகே கொண்டுபோவது, வாகனம் ஓட்டும்போது கிளட்சும் கியரும் பேசிக்கொள்வது என எல்லாவற்றிலும் இதன் பங்கு உண்டு. குடித்தவர் நேர்கோட்டில் நடக்க முடியாமல் திணறுவதும் சிறுமூளை தடுமாறுவதால்தான். சிறுமூளை பாதிக்கப்பட்டு வரும் 'அட்டாக்ஸியா' என்ற நோயில், கை கால்களில் பலம் இருந்தும் எதையும் குறி பார்த்துச் செய்ய முடியாமல் போகும்.

சிறுமூளையின் முக்கிய ஆள், புர்கின்ஜி நியூரான். படத்தில் பார்த்தால் இலை உதிர்ந்த வேப்பமரம் மாதிரி கிளை விரித்து நிற்கும். ஜீப்ரா மீனில் இது மூன்றாவது நாள் வாக்கில் தோன்றுகிறது.

2015-ல் மோகினி சென்குப்தாவுடன் சேர்ந்து வத்சலா வெளியிட்ட ஆய்வு, மயக்க மருந்து கொடுக்காத உயிருள்ள குஞ்சின் புர்கின்ஜி நியூரானுக்குள் நேரடியாக மின்சாரத்தைப் பதிவு செய்தது. மண்டைக்குள் ஒரே ஒரு செல், அதில் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய். கைநடுங்கினால் போச்சு. அந்த நியூரான் இரண்டு விதமாக வேலை செய்வது தெரிந்தது. ஒன்று, தூறல் மாதிரி சீராகத் தட்டிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, விட்டு விட்டுக் கொட்டுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே மாறவும் செய்கிறது. விழித்திருக்கும் உயிரினத்தில் இப்படி நடக்குமா என்று அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு தெளிவான பதில்.

சரி, அந்த வேப்பமரம் கிளை விடுவது எப்படி? 2021 ஆய்வு இதைத் தொட்டது. நரம்பணுக்கள் பேசிக்கொள்ள இரண்டு வழி. ஒன்று, ரசாயனம் வீசிப் பேசுவது. மற்றது, பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை போட்ட மாதிரி நேரடி இணைப்பு. வளரும் மூளையில் இந்த ஓட்டைகள்தான் முதலில் வரும், ரசாயன இணைப்பு பின்னால் வரும் என்று ஏற்கனவே தெரியும். ஓட்டைக்கான புரதத்தின் மரபணுவைக் குஞ்சுகளில் எடுத்துவிட்டபோது என்ன ஆனது? புர்கின்ஜி நியூரானின் கிளைகள் குட்டையாகிவிட்டன. ரசாயன இணைப்புகளும் குறைந்தன. கட்டிடம் முடிந்ததும் பிரிக்கிற சாரம்தானே என்று நினைத்தது, கட்டிடத்தின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

இப்போ அண்ணனின் கைக்கு வருவோம்

2024-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு ஒரகடம் ஞாபகம் வந்தது.

ஓடும் தண்ணீரில் மீன் தன் இடத்தில் நிற்க வேண்டும். கீழே தரை முன்னோக்கி நகர்வது போலத் தெரிந்தால், தண்ணீர் தன்னைப் பின்னால் இழுக்கிறது என்று அர்த்தம். உடனே முன்னால் நீந்தும். ஆய்வகத்தில் திரையில் கோடுகளை நகர்த்திக் காட்டினாலே குஞ்சு ஏமாந்து நீந்திவிடும்.

ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான கோட்டு ஓட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பீஸ், பீஸ், பீஸ் என்று லைன் வருகிற மாதிரி. குஞ்சின் மூளையில் 'அடுத்தது வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பு உருவானது. சிறுமூளையின் நரம்பணுக்களில் அந்த எதிர்பார்ப்பு மின்னுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவோ, அவ்வளவு சீக்கிரம் குஞ்சு நீந்தத் தொடங்கியது. எதிர்பார்த்தது நடக்காதபோது? வேறொரு நரம்பு வழியாக 'தப்பு' என்ற சிக்னல் சிறுமூளைக்கு வந்து சேர்ந்தது. சிறுமூளையைச் சேதப்படுத்திய குஞ்சுகளும் நீந்தின. ஆனால் எதிர்பார்ப்பால் வேகம் மாறும் அந்தத் திறமை மட்டும் போய்விட்டது.

கை காற்றில் போய் நின்ற அந்த அரை நொடி இதுதான். ஆய்வு மீனில் நடந்தது, அண்ணன் மீன் இல்லை. ஆனால் முதுகெலும்புள்ள உயிர்கள் பலவற்றிலும் சிறுமூளையின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் வந்திருக்கிறது. இப்படி ஒரு வேலை, சில நாள் வயதான மீனிலும் நடக்கிறது என்றால், அது மிகப் பழைய ஏற்பாடாக இருக்க வேண்டும்.

எல்லாமே மீனில் தெரிந்துவிடுமா?

தெரியாது. நம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு மடிப்பான பெருமூளைப் புறணி மீனுக்கு அந்த வடிவில் கிடையாது. மீனில் பலித்த மருந்து மனிதனில் பலிக்காமல் போவதும் சகஜம். வத்சலாவின் ஆய்வுகளால் நாளைக்கே அட்டாக்ஸியாவுக்கு மாத்திரை வந்துவிடும் என்று யாராவது தலைப்பு வைத்தால் நம்பாதீர்கள். (எங்கள் டெஸ்க்கிலும் அப்படி ஒரு தலைப்பு பரிசீலனையில் இருந்தது. வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன்.) இது அடிப்படை ஆராய்ச்சி. பழுதான வண்டியைச் சரிசெய்ய, ஓடுகிற வண்டி எப்படி ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அந்த வேலைதான் நடக்கிறது.

இந்த மீனுக்கு நம்ம பெல்ட்டில் இன்னொரு வேலை

ஜீப்ரா மீன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்படும் ஒரு இடம் இருக்கிறது: கழிவுநீர்.

ஆலைக் கழிவுநீருக்கான மத்திய அரசின் பொது விதிகளில் ஒரு வரி உண்டு. சுத்திகரித்து வெளியே விடும் நீரில், வேறு தண்ணீர் கலக்காமல், மீன்களை 96 மணி நேரம் விட்டால் 90 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். கழிவுநீரின் நச்சுத்தன்மையை அளப்பதற்கான ஐ.எஸ் 6582 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி, சோதனைக்குச் சொல்லும் மீனே ஜீப்ரா மீன்தான். ஜெர்மனி 2005 முதல் கழிவுநீர்ச் சோதனையில் வளர்ந்த மீனுக்குப் பதிலாக மீன் முட்டைகளைப் பயன்படுத்துகிறது. ரசாயனங்களைச் சோதிக்க, கருவை மட்டும் வைத்து 96 மணி நேரம் பார்க்கும் முறையை ஓ.இ.சி.டி அமைப்பு 2013-ல் ஏற்றுக்கொண்டது. அதில் கரு செத்ததா என்பதைச் சில அறிகுறிகளை வைத்து முடிவு செய்கிறார்கள். முதுகுத் துண்டங்கள் உருவானதா, வால் பிரிந்ததா, இதயம் துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஏன் இது முக்கியம்? 'மீன் சாகவில்லை' என்பதும் 'மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதும் வேறு வேறு. உயிரோடு இருக்கும், ஆனால் மூளை சரியாக வளர்ந்திருக்காது. தொட்டால் ஓடாது, இரை கண்டால் திரும்பாது. கருவளர்ச்சியை மணிக்கணக்கில் வரைந்து வைத்த ஆய்வாளர்கள் இருப்பதால்தான் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடிகிறது. ஏரித் தண்ணீரைக் குடிக்கிற, ஏரி மீனைச் சாப்பிடுகிற ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கழிவுநீர் சோதனை அறிக்கை கையில் கிடைத்தால், பி.ஓ.டி, சி.ஓ.டி எண்களோடு சேர்த்து 'பயோ-அஸ்ஸே' என்ற வரியையும் தேடிப் பாருங்கள். அந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு குட்டி மீன்தான் இருக்கும்.

இந்தக் கட்டுரைக்குப் படம் எடுக்க கொளத்தூர் போயிருந்தேன். ஒரு கடையில் ஜீப்ரா மீன் தொட்டியைக் காட்டச் சொன்னேன். கடைக்கார அண்ணன் பக்கத்து அலமாரியில் இருந்த தீவன டப்பாவை எடுக்கக் கை நீட்டினார். மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. மொத்தக் கூட்டமும் மேலே வந்துவிட்டது. அப்போது பார்த்து அவருக்கு போன் வர, டப்பாவை அப்படியே வைத்துவிட்டுப் பேசப் போய்விட்டார். மீன்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன.